வவுனியாவில் 12 சனிக்கிழமைகள்: விமானப் பராமரிப்புத் திட்டமிடல் வகுப்பு

கிளிநொச்சியில் நெல் வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றுக்கு நான் பொறுப்பாக இருக்கிறேன். காலபோக அறுவடை நெருங்கும் மார்கழியில் 14 இயந்திரங்களும் ஒரே கிழமையில் பட்டறைக்கு வந்து நெரிபடுவதைக் கண்டு சலித்துத்தான், வவுனியா நகரில் ஒரு தனியார் நிலையம் நடத்திய இந்த வகுப்பில் சேர்ந்தேன். கற்பித்தவர் வெளிநாட்டு விமான நிறுவனமொன்றின் திட்டமிடல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர்.

முதல் வாரமே மனத்தில் பதிந்தது. விமானத்தின் வயதைப் பறந்த மணித்தியாலம், ஏறி இறங்கிய தடவை, கழிந்த காலம் என மூன்று வகையாக எண்ண வேண்டும். எது முதலில் எல்லையைத் தொடுகிறதோ அதுவே தவணை. 1988 இல் ஹவாய்த் தீவுகளிடையே பறந்த போயிங் 737 ஒன்றின் மேற்கூரை நடுவானில் பிய்ந்ததை அவர் இதற்கு எடுத்துக் காட்டினார். அது பறந்தது ஏறத்தாழ 35,500 மணித்தியாலம்தான். ஆனால் குறுந்தூரப் பயணங்களால் 89,000 தடவைக்கு மேல் ஏறி இறங்கியதில் அதன் உடல் ஒவ்வொரு முறையும் காற்றழுத்தத்தால் விரிந்து சுருங்கியிருந்தது, கடற்காற்றின் அரிப்பும் சேர்ந்திருந்தது.

வகுப்பின் உயிர் நாலாம் வாரப் பயிற்சி. 60 விமானங்கள், 6 ஆண்டுக்கு ஒரு பெரும் பரிசோதனை, ஒவ்வொன்றுக்கும் 5 கிழமை. ஆண்டுக்கு 10 விமானம், 50 கிழமை, ஆகவே கொட்டகையில் ஓரிடம் போதும் என்று எல்லோரும் எழுதினோம். கோடை விடுமுறைக் கூட்டத்தின்போது எந்த நிறுவனம் விமானத்தைத் தரையில் நிறுத்தும், ஒரே ஆண்டில் வாங்கிய 15 விமானங்களும் ஒரே ஆண்டில் தவணைக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டபோது எங்கள் விடை நிற்கவில்லை. சிலவற்றை முன்கூட்டியே எடுக்கலாம். ஆனால் 6 ஆண்டுத் தவணையை எப்போதும் 5 ஆண்டிலேயே முடித்தால், 30 ஆண்டில் 5 பரிசோதனைக்குப் பதில் 6 செய்ய நேரும்.

குறை ஒன்று பெரியது. பயிற்சிகளில் வேலை அட்டையில் எழுதிய வேலைகள் மட்டுமே இருந்தன. தளத்தகட்டைக் கழற்றிய பிறகு தெரியும் துரு, வெடிப்பு, அதற்கான பாகம் வரும்வரை காத்திருக்கும் நாட்கள் ஆகியவைதான் திட்டத்தைக் குலைப்பவை. அவற்றுக்கு ஒரு மணித்தியாலமே ஒதுக்கப்பட்டது. விளக்கம் நல்ல தமிழில் இருந்தாலும் பாடக்குறிப்புகள் ஆங்கிலத்தில் மட்டும் தரப்பட்டதால், முல்லைத்தீவிலிருந்து விடியப்புறம் பஸ் ஏறி வந்த இரு பிள்ளைகள் இடையிலேயே நின்றுவிட்டார்கள். அது எனக்கு இன்னும் வருத்தம்.

இந்தச் சான்றிதழ் விமானப் பராமரிப்பு உரிமம் ஆகாது. இலங்கையில் அதை வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. பட்டறை அனுபவம் உள்ளவர்கள் தயங்காமல் சேரலாம். பள்ளிப் படிப்பை இப்போதுதான் முடித்தவர்கள் முதலில் கையில் ஒரு தொழிலைப் பழகிவிட்டு வருவது நல்லது. எங்கள் பட்டறையில் இம்முறை சிறுபோகம் முடிந்ததுமே, ஓடிய மணித்தியாலம் கூடிய இரண்டு இயந்திரங்களைப் புரட்டாதியில் கழற்றிவிட்டோம். அடுத்த இரண்டு ஐப்பசி முதற்கிழமையில் வருகின்றன.