ஹில்லெல் வார இறுதி: சூரியன் மறையும் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் யூத மாணவர் ஒருவர், வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியத்துக்குள் வழிபாடு, விருந்து, நடனம், தொண்டு, கூடவே கொஞ்சம் புகைப்படம் என்று எல்லாவற்றுக்கும் இடம் தேடினால், பெரும்பாலும் போய்ச் சேர்வது ஹில்லெலுக்குத்தான். 1923-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மாணவர் மையம் அது. இன்று நூற்றுக்கணக்கான வளாகங்களில் இருக்கிறது. கட்டடமும் சமையலும் ஊருக்கு ஊர் மாறும், ஆனால் வார இறுதியின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். எங்கள் தீர்ப்பு: வெள்ளி இரவுக்கு எந்த மாதத்திலும் தாராளமாகப் போகலாம். நடனமும் புகைப்படமும் எப்படி அமையும் என்பதை நாட்காட்டிதான் முடிவு செய்யும்.

காரணம் சப்பாத் என்ற யூதர்களின் வாராந்திர ஓய்வுநாள். நடனம் அது முடிந்த பிறகுதான். வெள்ளியன்று சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பே மெழுகுவர்த்தி ஏற்றி ஓய்வுநாள் தொடங்கிவிடும். சனி இரவு மூன்று நட்சத்திரம் தெரியும் வரை, மொத்தம் சுமார் 25 மணி நேரம், அது நீடிக்கும். பாஸ்டனில் டிசம்பர் தொடக்கத்தில் மாலை 4:12-க்கே சூரியன் மறைவதால், வெள்ளி நாலு மணிக்கு முன்பே வர்த்தி ஏற்ற வேண்டும். பிற்பகல் ஆய்வகம் உள்ளவர்களுக்கு இது பெரிய சிக்கல். ஆனால் சனிக்கிழமை ஐந்து மணிக்கெல்லாம் சப்பாத் முடிந்து முழு மாலையும் கையில் கிடைக்கிறது. மே நடுவில் சூரியன் மறையவே எட்டு மணி ஆகிறது. நடனம் தொடங்கும்போது மணி ஒன்பதரை. எல்லாமும் ஒரே வார இறுதியில் வேண்டுமென்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே நல்லது.

வெள்ளி வழிபாட்டில் பெரிய வளாகங்கள் பாராட்டத்தக்க ஒரு ஏற்பாட்டைச் செய்கின்றன. சீர்திருத்த, கன்சர்வேடிவ், ஆர்த்தடாக்ஸ் பிரிவினருக்குத் தனித்தனி அறைகள், வழிபாடு முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே பந்தி. சீர்திருத்த அறையில் கிட்டார் இருக்கலாம். ஆர்த்தடாக்ஸ் அறையில் கருவி எதுவும் இராது. ஆண்களும் பெண்களும் தடுப்புக்கு இருபுறமும் நிற்பார்கள், கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் சேர வேண்டும். புதிதாகப் போகிறவர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சங்கீதங்கள் என்ற வேதத் துதிப்பாடல்களுக்குப் பிறகு வரும் 'லெகா தோதி' பாடலின் கடைசிப் பத்தியில் எல்லோரும் எழுந்து வாசல் பக்கம் திரும்பிக் குனிவார்கள். 16-ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகரில் ஷ்லோமோ அல்கபேட்ஸ் எழுதிய அந்தப் பாடல் சப்பாத்தை மணமகளாக வரவேற்கிறது. முதல் முறை போகிறவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முன்னால் இருப்பவர்களைப் பார்த்துச் செய்தால் போதும்.

பந்தியில் ஒரு கட்டம் எல்லோரையும் குழப்பும். திராட்சை மதுவின் மேல் ஆசி சொன்ன பிறகு, இரண்டு பிடி உள்ள குவளையால் கை கழுவுவார்கள். கழுவியதிலிருந்து ரொட்டியை வாயில் வைக்கும் வரை பேசக்கூடாது. அந்த நேரத்தில் பெயர் கேட்டால் பதில் வராது, கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

யூதரல்லாத நண்பர்களையும் அழைத்து வர அனுமதிக்கும் வளாகங்கள் பல, அதனால் அறைத்தோழரோடு நம்மூர் மாணவர்களும் போவதுண்டு. சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'பார்வே' என்ற முத்திரை இறைச்சியும் பாலும் இல்லை என்று மட்டுமே சொல்கிறது. மீனும் முட்டையும் பார்வேதான். சப்பாத் பந்தியில் வைக்கும் ஹல்லா என்ற பின்னல் ரொட்டியில் பெரும்பாலும் முட்டை இருக்கும். எனவே முன்பதிவுப் படிவத்தில் மீன், முட்டை வேண்டாம் என்று தனியாக எழுதுங்கள். சப்பாத் தொடங்கிய பின் அடுப்பு பற்றவைத்துப் புதிதாகச் சமைக்க மாட்டார்கள், ஆகவே வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

தொண்டில் சிறப்பானது ஹல்லா சுட்டு விற்கும் பணி. கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கல்லூரியில் 2004-ல் தொடங்கிப் பல வளாகங்களுக்குப் பரவியது. வியாழன் இரவு சுட்டு, வெள்ளி பகலில் விற்று, பணத்தைப் பசி ஒழிப்புக்குத் தருவார்கள். நான்கு ரொட்டிக்கு ஒரு கிலோ பிரெட் மாவு, 400 மில்லி வெதுவெதுப்பான நீர், 2 முட்டை, 100 மில்லி எண்ணெய், 100 கிராம் சர்க்கரை, 18 கிராம் உப்பு, 14 கிராம் உலர் ஈஸ்ட். யூத உணவு விதிப்படி இறைச்சியோடு பால் சேரக்கூடாது. இறைச்சி விருந்தோடு வைப்பதால் இதில் வெண்ணெயும் பாலும் சேர்க்கக் கூடாது. பத்து நிமிடம் பிசைந்து, ஒன்றரை மணி நேரம் உப்பவிட்டு, ஜடை பின்னுவதுபோல் மூன்று இழையாகப் பின்ன வேண்டும். இறுக்கிப் பின்னுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. இரண்டாவது, அவசரம். பின்னிய பிறகு முக்கால் மணி நேரமாவது விடாவிட்டால் அடுப்புக்குள் இழைகளின் இடுக்கு பக்கவாட்டில் பிளந்துகொள்ளும். விரலால் லேசாக அழுத்தினால் பள்ளம் மெதுவாகப் பாதி மேலே வர வேண்டும். உடனே எழும்பினால் இன்னும் நேரம் ஆகவில்லை. முட்டைக் கலவையைப் பின்னியதும் ஒரு முறை, அடுப்பில் வைக்கும்முன் ஒரு முறை தடவினால் இடுக்குகள் வெளுத்துப் போகாது. 180 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம். உலர்ந்த மாவு மட்டுமே சுமார் 1.7 கிலோவுக்கு மேல் போனால், பிசைந்ததில் ஒரு சிறு உருண்டையை ஆசி சொல்லி எடுத்துத் தனியாக எரித்துவிடுவது மரபு. கூட்டாகச் சுடும்போது இந்த அளவை எளிதில் தாண்டிவிடுவார்கள், மேற்பார்வையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேமராவைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். மரபு வழியில் சப்பாத்தன்று படம் எடுப்பது தடை, செல்போனிலும் கூடாது. எல்லா வளாகத்திலும் ஒரே கண்டிப்பு இல்லையென்றாலும், வெள்ளி வர்த்தி ஏற்றியது முதல் சனி இரவு வரை கேமராவைப் பையிலேயே வைத்திருப்பதுதான் மரியாதை. படத்துக்கான நேரங்கள் மூன்று: ஹல்லா சுடும் இரவு, சப்பாத் முடிந்ததும் நடக்கும் ஹவ்தாலா சடங்கு, அதன் பின் நடனம்.

ஹவ்தாலாதான் அருமையான காட்சி. சடங்கு திராட்சை மது, நறுமணப் பொருள், நெருப்பு, பிரிவுக்கான ஆசி என்ற வரிசையில் போகும். பல திரிகள் பின்னிய மெழுகுவர்த்தியை ஏந்திச் சுற்றி நிற்பவர்கள் அந்த ஒளியில் தங்கள் நகங்களைப் பார்ப்பார்கள். அறை விளக்கு அணைந்திருக்கும். கேமரா தானாக அளந்தால் சுடரை நம்பி முகங்களை இருட்டாக்கிவிடும். முகத்தின் மேல் ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளக்கும் முறை) வைத்து, எஃப் 1.8, ஐஎஸ்ஓ 3200, வினாடியில் 125-ல் ஒரு பங்கு என்று தொடங்குங்கள். ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் மெழுகுவர்த்தியின் பொன்னிறம் குறைந்துபோகலாம், 2800 கெல்வின் அளவில் நிறுத்துங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கடைசியில் சுடரை மதுவில் தோய்த்து அணைப்பார்கள், அந்தக் கணம் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும்.

நடனத்துக்கு முன்பயிற்சி தேவையில்லை. முதலில் 'மாயிம்' சொல்லித்தருவார்கள். 1937-ல் நாஆன் என்ற கிபுட்ஸில் (யூதக் கூட்டுப்பண்ணைக் குடியிருப்பு) தண்ணீர் கிடைத்த மகிழ்ச்சிக்காக எல்ஸே டுப்லோன் அமைத்த நடனம் அது. கை கோத்து வட்டமாக, கடிகாரச் சுற்றில்: வலது கால் இடது காலுக்கு முன்னால், இடது கால் பக்கத்தில், வலது கால் பின்னால், மறுபடி இடது கால் பக்கத்தில். இதை நான்கு முறை செய்த பின் மையத்தை நோக்கி நான்கு அடி ஓட்டம். இடது காலை முதலில் எடுத்தால் முழு வட்டமும் இடிபடும். பக்கத்தில் இருப்பவரின் கையை இழுக்கவும் கூடாது. எதிர்பாலினத்தவரைத் தொடாத மாணவர்களும் இருப்பார்கள், ஆகவே கை நீட்டும்முன் ஒரு பார்வை போதும். சில இடங்களில் தனித்தனி வட்டங்களே போடுவார்கள்.

ஞாயிறு காலை பெரும்பாலும் உணவு வங்கியில் பொருள் பிரிக்கும் வேலை. டப்பாவின் நடுவில் சிறு நசுங்கல் பரவாயில்லை. விளிம்பில் நசுங்கியதையும், உப்பியதையும், கசிந்ததையும் கழித்துவிட வேண்டும். கால் முழுக்க மூடிய காலணி அணிந்து போங்கள். சனிக்கிழமை மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வராது என்பதால், வண்டியில் இடம் வேண்டுமானால் வியாழனுக்குள் பெயரைப் பதிந்துவிடுங்கள்.