சுவிஸ் பள்ளிக்கல்வி: சூரிச்சில் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்த தாயின் மதிப்பீடு

"பிள்ளை கிம்மிக்குப் போகுதோ?" இந்த நாட்டில் எங்கட சனம் சந்தித்தால் கேட்கிற முதல் கேள்வி இது. கிம்மி என்றால் கிம்னாசியம், பல்கலைக்கழகத்துக்கு வழிவிடுகிற பள்ளி. அதில் இடம் கிடைக்காவிட்டால் பிள்ளையின் எதிர்காலமே போய்விட்டது என்று அழுகிற தாய்மாரை இன்றைக்கும் காண்கிறேன். என் மகள் கிம்மிக்குப் போகவில்லை. லேர என்கிற தொழிற்பயிற்சி முடித்து, இப்போது விண்டர்தூரில் தாதியியல் பட்டப்படிப்பில் இருக்கிறாள். மகன் செக் என்கிற இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. இரண்டு பேருமே அரசுப் பள்ளிதான், படிப்புக் கட்டணமென்று ஒரு றாப்பனும் கட்டியதில்லை.

சுவிஸ் முழுவதற்கும் பொறுப்பாக பேர்னில் ஒரு பள்ளிக்கல்வி அமைச்சு இருக்கும் என்று நினைத்து வருகிறவர்கள்தான் கூடக் குழம்புகிறார்கள். அப்படி ஒன்று இல்லை. 26 மாநிலங்களும் தங்கள் தங்கள் பள்ளிகளைத் தாங்களே நடத்துகின்றன. ஆளுக்கொரு மாதிரி நடத்தினால் வீடு மாறுகிற குடும்பங்கள் என்ன செய்யும் என்றுதான், பள்ளி தொடங்கும் வயது, படிக்கும் ஆண்டுகள் போன்றவற்றை ஒத்திசைக்க வேண்டும் என்று 2006 வாக்கெடுப்பில் மக்கள் தீர்ப்பளித்தார்கள். 2009 முதல் ஹார்மோஸ் என்கிற மாநிலங்களுக்கிடையிலான உடன்பாடு நடைமுறையில் இருக்கிறது. அதன்படி கின்டர்கார்டன் 2 ஆண்டு, ஆரம்பப் பள்ளி 6, செக் 3, ஆக 11 ஆண்டு கட்டாயக் கல்வி. ஆனால் எல்லா மாநிலமும் அதில் சேரவில்லை. செக்கில் பிள்ளைகளைப் பிரிக்கிற முறையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆர்காவ் மாநிலத்தில் இருக்கிற மச்சாள் சொன்னதை வைத்துக்கொண்டு சூரிச்சில் முடிவெடுக்காதீர்கள்.

சின்ன வகுப்புகளுக்கு நான் முழு மனதோடு நல்ல புள்ளி கொடுப்பேன். கின்டர்கார்டன் பிள்ளை கழுத்தில் ஒளிரும் பட்டியை மாட்டிக்கொண்டு தன்பாட்டில் நடந்து போகும். பொலிஸ்காரரே வந்து வீதி கடக்கப் பழக்குவார். டொச் (ஜெர்மன் மொழி) குறைந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்குள்ளேயே மேலதிக வகுப்பு உண்டு. பெற்றோர் சந்திப்புக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மத்தியானச் சாப்பாடுதான் பெரிய இடைஞ்சல். பல ஊர்களில் பிள்ளை பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வரும், பிறகு திரும்பிப் போக வேண்டும். தாயும் தகப்பனும் வேலைக்குப் போகிற வீடுகளில் ஹோர்ட் என்கிற பிள்ளை பராமரிப்பு நிலையத்துக்குக் காசு கட்ட வேண்டும். வருமானத்துக்கு ஏற்றபடிதான் கட்டணம் என்றாலும், இரண்டு பிள்ளை என்றால் கை கடிக்கும்.

என் உண்மையான கோபம் ஆறாம் வகுப்பில். பன்னிரண்டு வயதில் பிள்ளையை செக் ஏ, பி, சி என்று தரம் பிரிக்கிறார்கள், ஏதான் மேல் தரம். ஆறு ஆண்டு நீண்ட கிம்மிக்குப் போக டொச்சிலும் கணக்கிலும் நுழைவுத் தேர்வு. அதற்குப் பணமுள்ள வீட்டுப் பிள்ளைகள் மாதக்கணக்காக ரியூசன் எடுக்கிறார்கள். தேறினாலும் முதல் அரையாண்டு சோதனைக் காலம், அதில் பலர் வெளியே வருகிறார்கள். மகள் படித்த பள்ளியில் ஓர் ஆசிரியர், வீட்டில் டொச் பேசுவதில்லை என்பதையே காரணமாகச் சொல்லி அவளை செக் பி-க்கு எழுதினார். அவளுடைய கணக்குப் புள்ளி ஐந்தரை, இங்கே ஆறுதான் உச்சம். பன்னிரண்டு வயதில் பிள்ளையின் மொழியை எடைபோட்டு மூளையை எடைபோட்டதாகச் சொல்வது அநியாயம். இந்த நாடு இதை மாற்றியே ஆக வேண்டும்.

ஆனால் அதற்குப் பிறகு திறக்கிற கதவுகளை எங்கட சனத்தில் பாதிப்பேர் அறியவில்லை. கட்டாயக் கல்வி முடிக்கிற பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட லேரக்குத்தான் போகிறார்கள். பள்ளியில் தோற்றவர்கள் ஒதுங்குகிற இடமென்று அதை நினைப்பது தவறு. வங்கி, மருத்துவமனை, கணினி, மரவேலை என்று ஏறத்தாழ 250 தொழில்கள், சட்டமும் சான்றிதழும் நாடு முழுவதற்கும் ஒன்று.

செக் இரண்டாம் வகுப்பில் மகளோடு பிட்ஸ் என்கிற தொழில் ஆலோசனை நிலையத்துக்குப் போனேன். தட்டு நிறையத் தொழில்வாரியாகக் கோப்புகள், ஒவ்வொன்றிலும் என்ன வேலை, எத்தனை ஆண்டு, எந்தப் பாடம் பலமாக இருக்க வேண்டும், பிறகு எங்கே போகலாம் என்று படத்தோடு இருக்கிறது. ஆலோசகர் முதலில் என் பக்கம் திரும்பவேயில்லை. "உனக்கு எது செய்யும்போது நேரம் போவது தெரிவதில்லை?" என்று அவளைத்தான் கேட்டார். என்னிடம் கடைசியாகத்தான் பேசினார். எனக்கு அது பிடித்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சதமும் வாங்குவதில்லை.

அதன் பிறகு ஷ்னுப்பர், அதாவது தொழிலைப் பழகிப் பார்க்கிற நாட்கள். ஒரு முதியோர் இல்லத்தில் சில நாட்கள் வேலையைப் பார்த்துப் பழகினாள். கட்டில் விரிப்பு மாற்றி, ஒரு வயோதிப மாதுவுக்குச் சூப் ஊட்டிவிட்டு வந்த அன்றைக்கே "இதுதான் அம்மா" என்றாள். மூன்று ஆண்டு லேர, கிழமையில் சில நாள் வேலைத்தலம், மற்ற நாள் தொழிற்பள்ளி, மாதம் சம்பளம். பிறகு ஓர் ஆண்டு முழுநேரமாகப் படித்துத் தொழில் மத்துரா என்கிற உயர்கல்வி நுழைவுச் சான்றிதழ் எடுத்தாள். அதோடு உயர்தொழிற்கல்லூரி திறந்தது. பல்கலைக்கழகமே வேண்டுமென்றால் பஸறெல் என்கிற மேலதிகத் தேர்வும் இருக்கிறது. செக் பி-க்கு எழுதப்பட்ட பிள்ளை பட்டதாரியாக வரப்போகிறாள்.

குறை என்னவென்றால், இந்தப் பாதைகளை யாரும் வீடு தேடி வந்து சொல்வதில்லை. பள்ளி நடத்துகிற தகவல் மாலை டொச்சில்தான், அதுவும் சுவிஸ் டொச் என்கிற பேச்சுவழக்குக்கு நழுவிவிடும். கேட்கத் தெரிந்த பெற்றோருக்கே முழுப் பயனும்.

புள்ளி கேட்டால் ஆறுக்கு நாலரை கொடுப்பேன். ஆறாம் வகுப்புப் பிரிப்பு இல்லாவிட்டால் ஐந்தரை. செக் தொடங்கும் பிள்ளை வைத்திருப்பவர்கள் இரண்டாம் வகுப்பு வரும்வரை காத்திருக்காமல் பிட்ஸுக்கு ஒரு தரம் போய்ப் பாருங்கள். கோப்புகளைப் புரட்டிப் பார்க்க யார் அனுமதியும் தேவையில்லை. ஆலோசகரோடு பேச மட்டும் முன்பதிவு செய்ய வேண்டும். போகும்போது பிள்ளையின் புள்ளித்தாளை எடுத்துப் போங்கள், பேச்சைப் பிள்ளையிடமே விடுங்கள்.