தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காதவரிடம் மர வேலையைக் கொடுக்காதீர்கள்

பழைய வணிகக் கட்டடத்தை வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பின்னறையில் தரைப்பலகைகளைப் பெயர்த்ததும் காளான் வாடை முகத்தில் அடித்தது. அடியிலிருந்த உத்திரம் பழுப்பேறி, குறுக்கும் நெடுக்குமாக வெடித்துக் கட்டம் கட்டமாகப் பிளந்திருந்தது. திருப்புளியை வைத்து அழுத்தினேன். பிடி வரைக்கும் இறங்கிவிட்டது.

மரப் பாதுகாப்பு வேலை செய்யும் நிறுவனம் ஒன்றை அழைத்தேன். வந்தவர் பார்த்தவுடனே 'டிரை ராட்' என்றார்; 'உலர் அழுகல்' என்று பொருள், மரத்தை இற்றுப்போக வைக்கும் ஒரு பூஞ்சை நோய். நோயைச் சரியாகச் சொன்னாரே என்று நம்பிவிட்டேன். நான்கே நாளில் இற்ற மரத்தை வெட்டி, புது மரம் வைத்து, மருந்தடித்து, சுவரையும் பூசி, 20 ஆண்டு உத்தரவாதப் பத்திரத்தை நீட்டினார்கள். முழுத் தொகையையும் கொடுத்தேன்.

14 மாதம் கழித்து, கடையை வாடகைக்கு எடுத்தவர் கூப்பிட்டார். அலமாரி மேல் துருநிறத்தில் தூள் படிகிறது, துடைத்தால் மறுநாளும் படிகிறது என்றார். அலமாரியை நகர்த்தினோம். சுவரோடு ஒட்டி, வெள்ளை விளிம்போடு, கை அகலத்துக்குப் பூஞ்சை விரிந்திருந்தது. அந்தத் தூள் அதன் வித்து.

வேறொரு பொறியாளர் வந்து ஈரமானியைப் புது உத்திரத்தில் குத்தினார். 31 சதவீதம். நேராக மாடிக்குப் போனார். சுவருக்குள் பதித்திருந்த மழைநீர்க் குழாயின் இணைப்பு விட்டுப்போய், பெய்த மழையெல்லாம் செங்கல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் வந்தவர்களில் ஒருவர்கூட மாடிப்படி ஏறவில்லை.

பெயரில்தான் 'உலர்'. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்தப் பூஞ்சையால் வளர முடியாது. இதன் அறிவியல் பெயர் செர்புலா லாக்ரிமன்ஸ். லாக்ரிமன்ஸ் என்றால் கண்ணீர் விடுவது. வளரும்போது உடலில் நீர்த்துளிகள் அரும்பி நிற்பதால் அந்தப் பெயர். காரைக்குள்ளும் செங்கல் இடுக்கிலும் இழை ஓட்டி, சுவரைத் தாண்டி அடுத்த அறை மரத்தையும் பிடித்துவிடும். கண்ணுக்குத் தெரிந்த இடத்தோடு மரம் வெட்டுவதை நிறுத்தியது இரண்டாவது தவறு.

முதலில் வந்த நிறுவனத்திடம் உத்தரவாதத்தைக் காட்டினேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருப்பதைச் சுட்டினார்கள்: கட்டடத்தில் ஈரம் புகுந்தால் உத்தரவாதம் செல்லாது. ஈரமில்லாமல் வரவே வராத நோய்க்கு இப்படி ஒரு பத்திரம்! படிக்காமல் கையெழுத்திட்டது என் குற்றம். அந்த வரியை எழுதியவர்களின் குற்றம் அதைவிடப் பெரியது.

ஈரம் வரும் வழியை எழுத்தில் கேளுங்கள். சுவரை மூடும் முன் ஈரமானி அளவுகளையும் படங்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். தடித்த செங்கல் சுவர் காய மாதக்கணக்காகும்; நாலு நாளில் பூசித் தருகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள்.

இப்போது குழாயை வெளிப்புறமாக மாற்றியாகிவிட்டது. அடைபட்டிருந்த காற்றுத் துளைகளைத் திறந்துவிட்டோம். உத்திரத்தின் முனைகள் சுவருக்குள் புதையாமல் இரும்புத் தாங்கியில் உட்காரப் போகின்றன. சுவரை இன்னும் பூசவில்லை. போன வாரம் பழைய மரத்தில் ஈரமானி 22 காட்டியது.