ரேடியேட்டர் கொதிக்கிறதா? பாய்லர் டயலா, லாக்‌ஷீல்டா, டி.ஆர்.வி.யா?

இங்கிலாந்து வீடுகளில் ஹீட்டிங் போட்டால் ஹால் சில்லென்று கிடக்கும், மாடி படுக்கையறை மட்டும் வேகும். பலர் செய்வது ஜன்னலைத் திறப்பது. ரேடியேட்டர் பெரும்பாலும் ஜன்னலுக்குக் கீழேதான் இருக்கும். உள்ளே வரும் குளிர்காற்று நேராக டி.ஆர்.வி. தலையில் படும் (ரேடியேட்டரின் ஒரு முனையில், அறைச் சூட்டைப் பார்த்துத் தானே திறந்து மூடும் வால்வு அது). அறை குளிர்ந்துவிட்டது என்று நினைத்து அது இன்னும் அகலமாகத் திறந்துகொள்ளும். ஆக, ஜன்னல் கணக்கிலேயே வராது. மீதி மூன்று வழிகளைப் பார்ப்போம்.

முதலில் பாய்லர் டயல். காசும் இல்லை, ஸ்பேனரும் வேண்டாம். பல வீடுகளில் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் 70, 80 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும். பொருத்திய நாளில் வைத்ததை அப்புறம் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். காம்பி பாய்லரில் (தொட்டி இல்லாமல் அப்போதைக்கப்போது வெந்நீர் தருவது) ரேடியேட்டர் படம் போட்ட டயலை 60க்குக் கீழே இறக்கிப் பாருங்கள். ரேடியேட்டர் எல்லாமே மிதமாகும், அறை சூடேறக் கூடுதல் நேரம் பிடிக்கும். கேஸும் மிச்சம்: திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கண்டென்சிங் பாய்லர் புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்ளும். புதிதாகப் பொருத்தும் ஹீட்டிங்கை, ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் அதிகபட்சம் 55 டிகிரி என்று வடிவமைக்கச் சொல்கின்றன இங்கிலாந்தின் 2022 கட்டட விதிகள். ஒரு எச்சரிக்கை: வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டில் இப்படி இறக்கக் கூடாது. தொட்டித் தண்ணீர் 60 டிகிரியாவது தொடாவிட்டால் லெஜியனெல்லா கிருமி வளர வாய்ப்புண்டு.

வீடு முழுக்கச் சூடு என்றால் டயல் சரி. ஒரு அறை மட்டும் என்றால் லாக்‌ஷீல்டுக்கு வாருங்கள். ரேடியேட்டரின் மறுமுனையில் பிளாஸ்டிக் மூடி போட்டு ஒரு வால்வு நிற்குமே, அதுதான். பாய்லருக்கு அருகிலுள்ள ரேடியேட்டர் தண்ணீரைத் தாராளமாக இழுத்துக்கொள்ளும், தூரத்தில் உள்ளதற்கு மிச்சம்தான் போகும். மூடியைக் கழற்றினால் சதுரமான பித்தளைத் தண்டு தெரியும். சின்ன ஸ்பேனரால் வலப்பக்கம் முழுக்க மூடுங்கள், எத்தனை சுற்று என்று எழுதிவையுங்கள். பிறகு கால் சுற்று மட்டும் திறந்து, கொஞ்ச நேரம் பொறுத்து, இரண்டு முனைக் குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்றைத் திருகினால் மற்ற அறைகளின் பங்கும் மாறும் என்பதால் ஒரு மதியம் முழுக்கப் போகும். பழைய வால்வு தண்டோரம் கசியவும் கூடும். ஆனாலும் இந்த மூன்றில் நான் அதிகம் நம்புவது இதைத்தான். தண்ணீர் பங்கீடுதான் கோளாறு என்றால் இதுவே மருந்து.

டி.ஆர்.வி.யை எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள். நான் கடைசியில் வைப்பேன். வெயில் விழும் அறை, அடுப்பு எரியும் சமையலறை என்று சூடு வேறெங்கிருந்தோ வரும் இடத்தில் அது அருமையான பொருள். 3இல் வைத்தால் சுமார் 20 டிகிரியில் நிறுத்தும். ஏற்கெனவே ஒன்று இருந்தும் ரேடியேட்டர் கொதித்தால், தலைக்குள் இருக்கும் மெழுகோ திரவமோ கசிந்துபோயிருக்கலாம். அப்போது வால்வை அழுத்தி மூட ஆளில்லாமல் அது திறந்தே கிடக்கும். தலையைக் கழற்றினால் மெல்லிய ஊசி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். நாணயத்தால் அழுத்தினால் உள்ளே போய், விட்டதும் எழும்பி வந்தால் வால்வு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது, தலையை மட்டும் மாற்றினால் போதும். குறட்டால் ஊசியை இழுக்காதீர்கள், கையோடு வந்துவிட்டால் தரையெல்லாம் தண்ணீர்.

ஹாலில் தெர்மோஸ்டாட் (சூடு போதும் என்றதும் பாய்லரை நிறுத்தும் கருவி) இருந்து, அங்குள்ள ரேடியேட்டரை யாரோ மூடி வைத்திருந்தால், ஹால் சூடேறவே ஏறாது. பாய்லரும் ஓயாது, மற்ற அறைகள் வேகும். இதை எதற்கும் முன்னால் பாருங்கள்.

கோடையில் ஹீட்டிங்கை அணைத்த பிறகும், குழாயில் வெந்நீர் திறந்தால் ரேடியேட்டர் சுடுகிறதா? அங்கே இந்த மூன்றும் உதவாது. காம்பியில் உள்ளிருக்கும் டைவர்ட்டர் வால்வு, அதாவது சூட்டைக் குழாய்க்கா ரேடியேட்டருக்கா என்று திருப்பிவிடும் வால்வு, சிக்கியிருக்கக்கூடும். பாய்லர் உறையைத் திறக்கும் வேலை கேஸ் சேஃப் (கேஸ் வேலைக்கான அதிகாரபூர்வப் பட்டியல்) பதிவுள்ளவருடையது.