பத்து மணிக்கு ஒருவர், பன்னிரண்டு மணிக்கு ஒருவர்

நியூயார்க் ரேடியோவில் பல ஆண்டுகள் இப்படி ஒரு வசதி இருந்தது. காலை 10 மணிக்கு டபிள்யூஎன்ஒய்சி என்ற பொது வானொலி நிலையத்தில் பிரையன் லேரரின் பேச்சு நிகழ்ச்சி. அது முடிந்த கையோடு, 12 மணிக்கு வேறொரு நிலையத்தில் ரஷ் லிம்போவின் நிகழ்ச்சி. இரண்டிலுமே நேயர்கள் போனில் பேசலாம். ஆனால் இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம்.

லிம்போ நாடு முழுவதும் ஒலிக்கத் தொடங்கியது 1988இல். ஒலிபரப்பில் இரு தரப்பு வாதத்துக்கும் இடம் தர வேண்டும் என்ற விதியை அமெரிக்க அரசு கைவிட்டது அதற்கு முந்தைய ஆண்டுதான். தினமும் மூன்று மணி நேரம், வலதுசாரி அரசியல், பெரும்பாலும் அவர் குரலே. போன் செய்தவர்கள் ‘டிட்டோ’ என்று ஆமோதித்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். சரி, மனிதர் சலிப்புத் தட்டாமல் பேசுவார், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

லேரரிடம் அந்தக் காரம் கிடையாது. ஆனால் 2007இல் அவர் நேயர்களிடம், உங்கள் பேட்டைக் கடையில் பால், லெட்டூஸ், பீர் என்ன விலை என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அரசியல் அங்கே பால் விலையிலிருந்து தொடங்கியது! பில் டி பிளாசியோ நியூயார்க் மேயராக இருந்தபோது வெள்ளிக்கிழமைகளில் வந்து, நேயர்களின் கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் சொல்வார். சமூகத்தைப் பிரிக்காமல் சேர்க்கும் வானொலி என்று பாராட்டி ஒலி, ஒளிபரப்புக்கான பீபாடி விருதை 2007ஆம் ஆண்டுக்கு கொடுத்தார்கள்.

2021இல் லிம்போ இறக்கும்வரை, நீண்ட கார் பயணத்தில் தூக்கம் வராமலிருக்க அவர் போதுமாக இருந்தார். தெருவில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் என் ஓட்டு லேரருக்குத்தான்.