வண்ணம் பூசும் வேலை: தினக்கூலியா, லேபர் கான்ட்ராக்டா, சதுர அடிக் கணக்கா?

வீட்டைப் புதுப்பிப்பது என்று முடிவானதும் குடும்பங்களில் முதலில் எழும் பேச்சு நிறத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. ஷேட் கார்டு வந்து சேர்ந்த அன்றே, கூடத்துக்குச் சந்தன நிறமா, இளம்பச்சையா என்று வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். பிடிக்காத நிறத்தை இரண்டு நாள் வேலையில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த நிறத்துக்கு அடியில் சுவர் சரியாகச் சுரண்டப்பட்டதா, பட்டி (சுவரைச் சமமாக்க இழுக்கும் மாவுப் பூச்சு) காய்ந்ததா, பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) உண்மையிலேயே அடிக்கப்பட்டதா என்பவற்றைப் பின்னால் திருத்த வேண்டுமானால் எல்லாவற்றையும் உரித்துப்போட வேண்டியிருக்கும். இவை பெரும்பாலும் பெயிண்டரின் திறமையைவிட, அவரிடம் வேலையை எந்த விதத்தில் பேசி முடித்தோம் என்பதைப் பொறுத்தே அமைகின்றன என்பது என் அனுபவம். இங்கே ஒப்பிட எடுத்துக்கொள்வது சென்னைப் புறநகரில் பரவலாகக் காணப்படும் ஒருவகை வீட்டை: இருபது ஆண்டுகளுக்கு மேல் பழையது, இரண்டு படுக்கையறை, ஆட்கள் குடியிருக்கும்போதே வேலை நடக்க வேண்டும்.

நடைமுறையில் நமக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. ஆளுக்கு இவ்வளவு என்று நாள் கணக்கில் கூலி கொடுத்து, பொருளை நாமே வாங்கித் தருவது ஒன்று. பொருள் நம்முடையது, கூலி மட்டும் மொத்தமாகவோ சதுர அடிக்கு இவ்வளவு என்றோ பேசிக்கொள்ளும் லேபர் கான்ட்ராக்ட் மற்றொன்று. பொருளையும் கூலியையும் சேர்த்துச் சதுர அடி விலையில் ஒருவரிடமே விட்டுவிடும் முழு ஒப்பந்தம் மூன்றாவது. பெயிண்ட் நிறுவனங்களே நடத்தும் வண்ணப்பூச்சுச் சேவை நான்காவது.

எந்த வழியானாலும், ஆளைக் கூப்பிடும் முன்பு அளவு நம் கையில் இருக்க வேண்டும். பன்னிரண்டுக்குப் பத்து அடி அறை, உயரம் பத்து அடி என்றால் நான்கு சுவர்களும் சேர்ந்து 440 சதுர அடி. ஏழுக்கு மூன்று கதவு 21, நாலுக்கு நாலு சன்னல் 16. இரண்டையும் கழித்தால் 403. மேற்கூரை 120. ஆக, பூச வேண்டிய பரப்பு 523 சதுர அடி. கதவு சன்னலைக் கழிக்காமல் அளப்பவரின் கணக்கில் இதே அறை 560 ஆகிவிடும். ஐந்து அறைகளுக்கு இந்த வித்தியாசம் ஏறத்தாழ 185 சதுர அடி. கழிக்கக் கூடாது என்று வாதிடும் மேஸ்திரியின் பக்கமும் ஓரளவு நியாயம் உண்டு, ஏனெனில் சன்னலின் உட்பக்கத் தடிப்பையும் ஓரங்களையும் பிரஷ் பிடித்து நிதானமாக அடிக்க வேண்டியிருக்கிறது. கழிவு உண்டா இல்லையா என்பது விலை பேசும்போதே முடிவாக வேண்டும், டேப்பைச் சுருட்டி வைத்த பிறகு அல்ல.

பொருளின் அளவும் இப்படித்தான். ஒரு லிட்டர் எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயிண்ட், இரண்டு கோட்டுக்கு (இரண்டு முறை பூச) 120 சதுர அடி வரை ஓடும் என்று வைத்துக்கொண்டால், மேற்சொன்ன அறையின் சுவர்களுக்கு மூன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். நான்கு லிட்டர் டப்பா ஒன்று போதும். முழுச் சுவருக்கும் இரண்டு முறை பட்டி இழுப்பதாக இருந்தால், கிலோவுக்குப் பன்னிரண்டு சதுர அடி என்ற கணக்கில் 34 கிலோ, அதாவது நாற்பது கிலோ மூட்டை ஒன்று. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு விலை கேட்கப் போனால், பேச்சின் தொனியே மாறிவிடுவதைப் பார்க்கலாம்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். ஒவ்வொரு வழியிலும் வேலை செய்பவருக்கு எதில் அவசரம் வருகிறது, எதை மிச்சப்படுத்தினால் அவருக்கு லாபம் என்று கேட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடுகிறது.

தினக்கூலிக்கு வருபவருக்கு அவசரம் எதுவும் இல்லை. ஒன்பதரைக்கு வந்து, உடை மாற்றி, பதினொன்றுக்கு டீ, ஒன்றுக்குச் சாப்பாடு என்று நாள் போய்விடும். வீட்டில் ஒருவர் இருந்தே தீர வேண்டும். உப்புத்தாள் தீர்ந்துபோய்க் கடைக்கு ஓடும் அரை மணி நேரத்துக்கும் நாம்தான் கூலி கொடுக்கிறோம். வேலை முடியும் தறுவாயில் மூன்று நாள் ஐந்து நாளாக நீள்வதும் வழக்கம். இவ்வளவு குறை இருந்தும் இந்த முறைக்கு ஒரு பெரிய பலம் உண்டு. சுரண்டுவதும் தேய்ப்பதும் காயவிடுவதும் அவருடைய பணத்தைத் தின்பதில்லை என்பதால், செய்யச் சொன்னால் மறுக்க அவருக்குக் காரணம் இருக்காது. பழைய வீட்டில் எந்தச் சுவரில் எவ்வளவு சுரண்ட வேண்டியிருக்கும் என்பது சுரண்டிப் பார்த்தால்தான் தெரியும். அளவு முன்கூட்டித் தெரியாத வேலைக்கு நாள் கணக்கே பொருத்தம்.

லேபர் கான்ட்ராக்டில் நிலைமை தலைகீழ். ஒன்பது நாளில் முடித்தாலும் பதினான்கு நாளில் முடித்தாலும் மேஸ்திரிக்குத் தொகை ஒன்றுதான் என்பதால், காலையில் பிரைமர் அடித்த சுவரில் அது காயும் முன்பே அடுத்த வேலையைத் தொடங்கிவிட அவர் கை துடிக்கும். பொருள் நம்முடையது என்பதால் அதில் தண்ணீர் கூட்டவோ மட்ட ரகம் கலக்கவோ அவருக்கு அவசியமில்லை. மாறாக, கொஞ்சம் தாராளமாகவே செலவழிப்பார். பொருள் பட்டியல் நீளமாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பெயிண்ட் டப்பாவுக்குள் பெயிண்டருக்கென்று டோக்கன் வைக்கும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. இன்று அது ஸ்கேன் செய்யும் குறியீடாகவும் வருகிறது. குறிப்பிட்ட ஒரு கம்பெனிதான் வேண்டும் என்று பெயிண்டர் பிடிவாதம் பிடித்தால், தரத்தோடு டோக்கனும் அதில் கலந்திருக்கக் கூடும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அவருடைய வருமானத்தில் அதுவும் ஒரு பகுதி. டோக்கனை அவரிடமே கொடுத்துவிட்டு, எந்த ரகம் என்பதை நாம் முடிவு செய்துகொள்வது நல்லது.

பொருளோடு சேர்த்த முழு ஒப்பந்தம்தான் வேலைக்குப் போகிறவர்களுக்கு மிகவும் வசதியாகத் தோன்றுவது, எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆறு ஆண்டுகளுக்கு முன், வீட்டில் ஒரு விசேஷத்தை முன்னிட்டு, தெரிந்தவர் சொன்ன ஒப்பந்ததாரர் ஒருவரிடம் சாவியையே கொடுத்துவிட்டேன். ஒன்பது நாளில் வீடு பளபளவென்று ஆகிவிட்டது, வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். நான்காவது மாதம், குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கொப்புளங்கள் கிளம்பின. ஒன்றைக் கத்தி முனையால் நெம்பிப் பார்த்தபோது, எமல்ஷனும் பட்டியும் அதன் பின்னால் பழைய நீல டிஸ்டெம்பரின் (சுண்ணத்தூள் கலந்த மலிவான பழைய வகைச் சுவர்ப் பூச்சு) பொடியும் சேர்ந்து அப்பளம்போல ஒரே வில்லையாகக் கையோடு வந்தன. டிஸ்டெம்பரை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்திருந்தாலே அது மாவாகக் கையில் ஒட்டுவது தெரிந்திருக்கும். அதைச் சுரண்டாமல் அதன் மேலேயே பட்டி இழுத்திருக்கிறார்கள். கேட்டதற்கு, நீர்க்கசிவு தம் பொறுப்பில் வராது என்று பதில் வந்தது. என்னிடம் இருந்த தாளிலோ “உள்பக்கம், இரண்டு கோட்டு” என்பதைத் தவிர வேறொன்றும் எழுதியிருக்கவில்லை.

அவர் மோசமானவர் என்று இப்போது நான் நினைப்பதில்லை. பொருளும் கூலியும் ஒரே விலைக்குள் அடங்கிவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு மணி நேரமும், ஒவ்வொரு லிட்டரும் ஒப்பந்ததாரரின் சொந்தப் பணமாகிவிடுகிறது. சுரண்டுவதற்குப் பதில் ஒரு கை பட்டியும், மூன்றாவது டப்பாவுக்குப் பதில் ஒரு குடம் தண்ணீரும் அவருக்கு மலிவு. இந்த வழியில் போக வேண்டியிருந்தால், பொருளின் கம்பெனியை மட்டும் எழுதினால் போதாது, ரகத்தின் முழுப் பெயரையும் எழுத வேண்டும். ஒரே கம்பெனியில் விலை மூன்று மடங்கு வேறுபடும் ரகங்கள் உண்டு. டப்பாக்கள் முத்திரையோடு வர வேண்டும், நம் முன்னால் திறக்கப்பட வேண்டும். சுரண்டல், பிரைமர், பட்டி, தேய்ப்பு, முதல் கோட்டு ஆகிய ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதி, ஒரு கட்டம் முடிந்ததை நாம் பார்த்த பிறகே அடுத்த தவணை என்று வைத்துக்கொள்ள வேண்டும். இப்படி எழுத மறுப்பவரிடம் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேலையைக் கொடுக்கத் தேவையில்லை.

நிறுவனச் சேவையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஈரமானி வைத்துச் சுவரைச் சோதிப்பது, தூசியை உறிஞ்சும் இயந்திரத்தால் தேய்ப்பது, வேலைப் பட்டியலை எழுத்தில் தருவது ஆகியவை அங்கே கிடைக்கும். விலையும் அதற்கேற்ப இருக்கும். களத்தில் இறங்கி வேலை செய்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க் குழுவினரே. வீட்டில் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லாதவர்களுக்கும் வெளிநாட்டிலிருந்து வீட்டைச் சரிசெய்பவர்களுக்கும் இது ஏற்றது. உத்தரவாதத் தாளில் எவையெல்லாம் விலக்கப்பட்டிருக்கின்றன என்ற பகுதியை முதலில் படிப்பது நல்லது. நீர்க்கசிவு பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

காலமும் இந்த ஒப்பீட்டில் ஒரு தரப்பு. பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்று மார்கழியில் வேலையைத் தொடங்குவது நம் ஊர் வழக்கம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை சுவரை நனைத்து முடித்த அந்த வேளையில்தான் செங்கல்லுக்குள் ஈரம் அதிகம். பெயிண்டருக்குக் கிராக்கியும் அப்போதுதான் அதிகம். ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு அடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு ஓரங்களிலும் டேப் வைத்துச் சுவரில் ஒட்டி ஒருநாள் விட்டுப் பார்த்தால் போதும். உட்புறம் வியர்த்திருந்தால் அந்தச் சுவரை இப்போது தொடக் கூடாது. தினக்கூலியானால் அந்த ஒரு சுவரை விட்டுவிட்டு மற்றவற்றைத் தொடரலாம். ஒப்பந்தம் என்றால் “காத்திருங்கள்” என்று சொன்ன மறுநாளே குழு வேறு வீட்டுக்குப் போய்விடும், திரும்பி வர மூன்று வாரம் ஆகும். தச்சரும் எலக்ட்ரீஷியனும் தாமதித்தாலும் இதே கதைதான். ஆகவே அவர்கள் சுவரைக் கொத்தி, அலமாரி பொருத்தி முடிக்கும்வரை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் இருப்பதே நல்லது.

சென்ற ஆண்டு மறுபடியும் செய்ய நேர்ந்தபோது நான் வேலையை இரண்டாகப் பிரித்தேன். முதலில் இரண்டு பேரை ஆறு நாள் தினக்கூலிக்கு வைத்துக்கொண்டு, குளியலறைக் குழாய்க் கசிவைப் பிளம்பரைக் கொண்டு சரிசெய்து, டிஸ்டெம்பர் முழுவதையும் சுரண்டி, உப்புப் பூத்த இடங்களில் பூச்சைக் கொத்தி எடுத்து மறுபடி பூசச் செய்தேன். பூசிய இடத்தில் தேதியைச் சாக்பீஸால் எழுதி வைத்து, நான்கு வாரம் கழித்தே பிரைமர். சன்னல் கம்பிகளின் பழைய எனாமலை (எண்ணெய்ப் பெயிண்டை) மட்டும் தண்ணீர் தொட்டு, ஈரமாகத் தேய்க்கச் சொன்னேன். வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலின் தூள் பறக்கும் அறையில் குழந்தைகள் இருப்பது நல்லதல்ல. சுவர் தயாரான பிறகு, அளந்து எழுதிய கணக்கோடு, பட்டியும் பூச்சும் லேபர் கான்ட்ராக்ட். அப்போது மேஸ்திரிக்கும் சந்தேகம் இல்லை, கண்ணெதிரே சுத்தமான சுவர் இருக்கிறது. எனவே அவர் சொன்ன கூலி நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது.

இப்படிப் பிரிப்பதில் சங்கடமும் உண்டு. சுரண்டியவர் ஒருவர், பூசியவர் வேறொருவர் என்றால் பின்னால் குறை வரும்போது இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். அதைத் தவிர்க்க இரண்டு கட்டத்துக்கும் ஒரே மேஸ்திரியை வைத்துக்கொண்டேன், கூலி முறையை மட்டும் மாற்றினேன். நாட்களும் கூடின, ஒன்பது நாளில் முடிந்த வேலை இம்முறை, காயவிட்ட வாரங்களையும் சேர்த்து, இரண்டு மாதத்தை நெருங்கியது. அதுவரை படுக்கையறைக் கட்டிலும் பீரோவும் கூடத்தில்தான் கிடந்தன. புது வீட்டுக்கோ, ஐந்தாறு ஆண்டுகளுக்குள் எமல்ஷன் அடித்து உறுதியாக நிற்கும் சுவருக்கோ இவ்வளவு தேவையில்லை. அங்கே நேரடியாக லேபர் கான்ட்ராக்டே போதும். வாடகைக்கு விடப்போகும் வீட்டுக்கு, எல்லாம் எழுதிய முழு ஒப்பந்தம்கூடக் குற்றமில்லை.

மொத்தக் கூலியில் பத்தில் ஒரு பங்கை ஒரு மாதம் நிறுத்திவைப்பதாக முதலிலேயே சொல்லியிருந்தேன். அதை வாங்க வந்த நாளில் மேஸ்திரி தாமாகவே குளியலறைப் பக்கச் சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார், எங்கும் பொள்ளல் சத்தம் கேட்கவில்லை. மீந்த முக்கால் லிட்டரைச் சின்ன டப்பாவில் ஊற்றி, மூடியில் நிற எண்ணையும் அறையின் பெயரையும் எழுதி, பரண்மேல் வைத்துவிட்டுப் போனார்.