தஞ்சாவூர் ஓவியத்துக்குப் போட்ட ஸ்பாட் லைட்: மூன்று வருடம், மூன்றாவது டிரைவர்

போன வாரம், ஸ்பாட் லைட்டுக்குச் சீரான கரண்ட் கொடுக்கும் சின்னப் பெட்டியான டிரைவர் மறுபடியும் போய்விட்டது. அதே நேரத்தில் அண்ணி போனில், "தம்பி, உங்க வீட்டுக் கண்ணன் படத்துக்குப் போட்ட லைட்டையே எங்க புது வீட்டுக்கும் போடலாமா?" என்று கேட்டார்.

படம் இரண்டடிக்கு மூன்றடி வெண்ணெய்த்தாழிக் கண்ணன். மேலே ஃபால்ஸ் சீலிங்கில் பதித்த 7 வாட் எல்இடி, 3000 கெல்வின் (மஞ்சள் கலந்த வெளிச்சம்), வெளிச்சம் விரியும் கோணம் 24 டிகிரி.

வெளிச்சத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. டியூப் லைட்டில் தங்க ரேக்கு பித்தளையாக வெளுத்துக் கிடந்தது. நிறங்களை உள்ளபடி காட்டுவதற்கான அளவான சி.ஆர்.ஐ. 90க்கு மேல் உள்ளதைப் போட்டதும் அரக்குத் திரை அரக்காகவே தெரிந்தது. நான் எதிர்பார்க்காதது வேறு. ராத்திரி மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு இதை மட்டும் போட்டால், மேடெழுப்பிய தூணும் கழுத்து ஆரமும் சாய்ந்த வெளிச்சத்தில் அப்படியே எழுந்து நிற்கின்றன. இருட்டான பூஜையறையில் அகல் ஒளியில் பார்க்க வேண்டிய வேலைப்பாடு இது என்று அப்போதுதான் புரிந்தது.

எலக்ட்ரீஷியன் முதலில் சுவரிலிருந்து ஓரடியில் துளை போட்டார். தேக்குச் சட்டத்தின் நிழல் தோரணத்தின் மேல் நாலு விரல் அகலத்துக்கு விழுந்தது. படத்தின் நடுவிலிருந்து சீலிங் நாலேகால் அடி உயரம். செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்வுக்கு, விளக்கைச் சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ள வேண்டும். தள்ளினோம், நிழல் சுருங்கியது. அதற்கும் மேல் தள்ளினால் படக் கண்ணாடியில் விளக்கே தெரியும்.

சரி, டிரைவருக்கு வருகிறேன். அது சீலிங்குக்கு மேலே காற்றில்லாத சூட்டில் கிடக்கிறது. எல்இடி தாங்குகிறது, இந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்தான் காய்ந்துபோகிறது. முதல் முறை, கடையில் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று வேறு கரண்ட் அளவில் ஒன்றைக் கொடுத்தார்கள். 300 மில்லியாம்பியர் கேட்கும் விளக்கு அது. ஒரு மாதம் கண்ணன் மங்கிப்போய் இருந்தார். இந்த முறை வாரண்டி கேட்டால், லைட்டுக்கு மட்டும்தானாம், டிரைவருக்குக் கிடையாதாம். டிரைவர் இல்லாமல் லைட் எப்படி எரியும்? என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான்.

அண்ணியிடம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சீலிங்குக்கு வெளியே பட்டையில் மாட்டும் டிராக் லைட் போடுங்கள், கெட்டால் ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றி மாட்டிவிடலாம் என்றேன்.

இப்போது ஹாலில் டியூப் லைட்தான் எரிகிறது. ஆரம் பலகையோடு ஒட்டிக்கொண்டு தட்டையாகத் தெரிகிறது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதே 300 மில்லியாம்பியர் டிரைவர் இரண்டுக்குச் சொல்லியிருக்கிறேன், நாளைக்கு வரும்.